கோட்டுப் போடாத பெப்ரவரி

2019 பெப்ரவரி மாதக் கடைசியில் லண்டனிலிருந்து என் சாச்சி, உம்மாவின் வட்ஸ்அப்புக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். பூங்காப் புல்லில் சாச்சியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிள்ளைகளின் கையில் ஐஸ்கிறீம். மூன்று பேருடைய கோட்டுகளும் ஒரு பக்கமாகச் சுருண்டு கிடக்கின்றன. கூடவே ஒரு குரல்பதிவு: "ராத்தா, இஞ்ச நல்லா வெயில் எறிக்கிது. குளிர் காலமெண்டே சொல்ல ஏலா. அல்ஹம்துலில்லாஹ்."

நான் அப்போது தரம் 6 இல் இருந்தேன். முந்தின வருடம் இதே நாட்களில், வீட்டு வாசலில் பனி குவிந்து கிடக்கும் படத்தை அனுப்பியவரும் இதே சாச்சிதான். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, லண்டன் என்பது ஒரு விசித்திரமான ஊர் என்று முடிவுகட்டினேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மீண்டும் யோசிக்க வைத்தவர் காக்கா. உயர்தரத்தில் நான் புவியியல் எடுத்த பிறகு, ஓர் இரவு சாப்பாட்டு நேரத்தில் வாப்பா வழமைபோல, "முந்தி மாரி மாரியா இரிந்திச்சி, இப்ப எல்லாம் மாறிப் போச்சி" என்றார். நான் காலநிலை மாற்றம் பற்றி வகுப்பில் படித்ததைச் சொல்லி, சாச்சியின் 2019 படத்தையும் ஆதாரமாகக் காட்டினேன். காக்கா உடனே தொலைபேசியில் தேடி, "இங்கிலாந்துல 1779 பெப்ரவரி இதவிடச் சூடு. அப்ப என்ன காரா ஓடினது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. காக்கா சொன்ன தகவல் சரியானது என்பதுதான் இன்னும் சங்கடம். இந்தக் கட்டுரை அந்த இரவில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

முதலில் அந்த மாதத்தில் நடந்ததைப் பார்ப்போம். 2019 பெப்ரவரி 25 ஆம் திகதி, வேல்ஸின் மேற்கே ட்ரோஸ்கோட் என்ற இடத்தில் வெப்பநிலை 20.6 பாகை செல்சியஸ் எனப் பதிவானது. டிசம்பர், ஜனவரி, பெப்ரவரி ஆகிய மூன்றும் பிரித்தானியாவில் குளிர்கால மாதங்கள். பதிவுகள் வைக்கத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மூன்று மாதங்களில் எந்த நாளிலும் அங்கே 20 பாகை எட்டப்பட்டதே இல்லை. மறுநாள் லண்டனின் கியூ பூங்காவில் 21.2 பாகை பதிவாகி, ஒரு நாள் வயதான சாதனையையும் முறியடித்தது. அதற்கு முந்திய சாதனை 1998 பெப்ரவரி 13 இல் கிரீனிச்சில் பதிவான 19.7 பாகை. இருபத்தொரு வருடம் நின்ற எல்லையை இரண்டே நாட்களில் ஒன்றரைப் பாகையால் தாண்டியிருக்கிறார்கள். ஓட்டப் போட்டியில் சாதனை உடைவது செக்கனின் நூறில் சில பங்குகளால். வெப்பநிலைச் சாதனைகளும் பெரும்பாலும் அப்படித்தான், பத்தில் ஒன்று, பத்தில் இரண்டு பாகை என்று நகரும். ஒன்றரைப் பாகை என்பது பாய்ச்சல்.

இது எப்படி நடந்தது? காற்று வந்த திசைதான் காரணம். அந்த நாட்களில் ஐரோப்பாக் கண்டத்தின் மேல் ஓர் உயர் அமுக்கம் அசையாமல் நின்றது. உயர் அமுக்கத்தைச் சுற்றி வட அரைக்கோளத்தில் காற்று மணிக்கூட்டுத் திசையில் சுழலும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். ஆகவே அதன் மேற்கு விளிம்பில் இருந்த பிரித்தானியாவுக்குத் தெற்கிலிருந்து, கனேரித் தீவுகளும் வடமேற்கு ஆபிரிக்காவும் இருக்கும் பக்கத்திலிருந்து, வெப்பமான வளி வந்துகொண்டே இருந்தது. முந்தின வருடம் நடந்தது இதற்கு நேர்மாறு. 2018 பெப்ரவரி கடைசியில் உயர் அமுக்கம் ஸ்கன்டிநேவியாப் பக்கமாக நின்றதால் சைபீரியாவின் குளிர்ந்த வளி கிழக்கிலிருந்து நேராக வந்தது. அங்குள்ள பத்திரிகைகள் அதைக் 'கிழக்கிலிருந்து வந்த மிருகம்' என்று அழைத்தன. பல இடங்களில் பகல் முழுவதும் வெப்பநிலை பூச்சியத்தைத் தாண்டவில்லை. ஒரே ஊர், ஒரே திகதி, ஒரு வருட இடைவெளி. வித்தியாசம் இருபது பாகை. சாச்சியின் இரண்டு படங்களுக்கும் விளக்கம் இதுதான். லண்டன் விசித்திரமான ஊர் அல்ல, இரண்டு உயர் அமுக்கங்கள் இரண்டு இடங்களில் நின்றன.

ட்ரோஸ்கோட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது வேல்ஸின் மலைகளுக்கு அப்பால், இறக்கத்தில் இருக்கும் இடம். மலையைக் கடந்து இறங்கும் வளி நெருக்கப்பட்டு இன்னும் சூடாகும், இன்னும் வரண்டுபோகும். கிழக்கு மாகாணத்தில் இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு எங்கள் பக்கம் இறங்கும்போது அதைத்தான் கச்சான் என்கிறோம். வாயும் உதடும் காய்ந்து, கொடியில் போட்ட சீலை அரைமணி நேரத்தில் மொறுமொறுவென்று ஆகிவிடும் அந்தக் காற்றின் ஒன்றுவிட்ட சகோதரிதான் அன்று வேல்ஸில் வீசியது.

அந்த மாதத்தின் தொடக்கத்தில் பனியும் புயலும் இருந்தன. பிற்பாதிதான் வரண்டது. வரட்சி ஏன் முக்கியம் என்றால், வரண்ட வானத்துக்கும் வெயிலுக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதுபோல ஒரு பக்கமானது அல்ல. முகில் ஒரு குடை, அதே நேரம் ஒரு போர்வை. பகலில் வெயிலை மறைக்கிறது, இரவில் நிலத்தின் வெப்பம் விண்ணுக்குத் தப்பிப் போகாமல் மூடி வைக்கிறது. முகில் இல்லாவிட்டால் பகல் சூடேறும், இரவு குளிரும். பெப்ரவரி கடைசியில் லண்டனில் நண்பகற் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை உயரத்துக்குத்தான் ஏறுகிறது. பகல் பதினொரு மணித்தியாலம்கூட இல்லை. அந்தச் சாய்ந்த வெயிலும் வெப்பமான வளியும் சேர்ந்து பகலை 20 பாகைக்கு ஏற்றின. அதே நாட்களில் இரவில் வானம் திறந்து கிடந்ததால் சில இடங்களில் காலையில் புல்லில் உறைபனி இருந்தது. சாச்சியும் பின்னர் அதைச் சொன்னார்: காலையில் காரின் கண்ணாடியைச் சுரண்டிவிட்டு மகனைப் பாடசாலைக்குக் கொண்டுபோனாராம், பின்னேரம் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தாராம்.

இப்போது காக்காவின் 1779 க்கு வருகிறேன்.

உலகிலேயே மிக நீண்ட, வெப்பமானியால் அளக்கப்பட்ட வெப்பநிலைத் தொடர் இங்கிலாந்தில் இருக்கிறது. அதன் பெயர் மத்திய இங்கிலாந்து வெப்பநிலைத் தொடர். லங்காஷயர், லண்டன், பிரிஸ்டல் என்ற மூன்றையும் இணைத்து ஒரு முக்கோணம் வரைந்தால் உள்ளே வரும் பிரதேசத்தின் சராசரி அது. மாத சராசரிகள் 1659 இலிருந்தும், நாளாந்தச் சராசரிகள் 1772 இலிருந்தும் உள்ளன. இதைத் தொகுத்தவர் கோர்டன் மேன்லி என்ற காலநிலை அறிஞர். 1953 இலும் 1974 இலும் வெளியிட்டார். அவர் செய்த வேலையை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அந்தக் காலத்தில் வானிலை நிலையங்கள் இல்லை. ஆர்வமுள்ள தனி மனிதர்கள் தங்கள் நாட்குறிப்புகளில் எழுதிவைத்த அளவுகள்தான் இருந்தன. ஒருவர் வெப்பமானியை வெளியே தொங்கவிட்டார், இன்னொருவர் நெருப்பு மூட்டாத அறைக்குள் வைத்தார். ஒருவர் காலையில் பார்த்தார், மற்றவர் மத்தியானம் பார்த்தார். சில வருடங்களுக்கு இங்கிலாந்தில் ஒன்றுமே கிடைக்காததால், கடலுக்கு அப்பால் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரப் பதிவுகளைக் கொண்டு மேன்லி இடைவெளியை நிரப்பினார். ஆகவே தொடரின் ஆரம்ப காலப் பெறுமானங்களைச் சற்றுத் தாராளமாகவே எடுக்க வேண்டும். 1779 ஆம் ஆண்டு அவ்வளவு மோசமான காலம் அல்ல, அப்போது நாளாந்தப் பதிவுகள் வந்துவிட்டன. எனவே 'அந்தப் பதிவு பிழை' என்று சொல்லி நான் தப்ப முடியாது.

அந்தத் தொடரின்படி 1779 பெப்ரவரியின் சராசரி 7.9 பாகை. 2019 பெப்ரவரியின் சராசரி 6.7 பாகை. காக்கா வென்றுவிட்டார் போலத்தான் தெரிகிறது.

ஆனால் நாங்கள் இருவரும் இரண்டு வேறு பொருட்களைத் தராசில் வைத்திருந்தோம். சாச்சியின் படம் ஒரு பகலின் உச்சம். 7.9 என்பது 28 பகல்களும் 28 இரவுகளும் சேர்ந்த சராசரி. 2019 பெப்ரவரியில் இரவுகள் குளிர்ந்ததையும் மாதத் தொடக்கத்தில் பனி கிடந்ததையும் மேலே சொன்னேன். அவை சராசரியைக் கீழே இழுத்தன. பகல் உச்சங்களை மட்டும் எடுத்தால் கதை வேறு. 1910 இலிருந்து இருந்த பிரித்தானியப் பதிவுகளில், பகல் உச்சங்களின் சராசரி மிக அதிகமாக இருந்த பெப்ரவரி 2019 தான், அது ஏறத்தாழ 10 பாகை. இரவையும் பகலையும் சேர்த்தால் 1998 ஆம் ஆண்டுப் பெப்ரவரி முன்னுக்குப் போய், 2019 பின்னுக்கு வரும். ஆகவே 'சாதனையா?' என்று கேட்பவரிடம் 'எந்தச் சாதனை?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஒரு நாளின் உச்சமா, பகல்களின் சராசரியா, முழு மாதமா? எந்த ஆண்டிலிருந்து? எந்தப் பிரதேசம்? செய்திகளில் இந்த நான்கில் ஒன்றாவது விடுபட்டிருக்கும்.

அடுத்தது, 'வழமையை விட' என்ற சொல். வழமை என்பது எது? உலக வானிலை நிறுவனத்தின் முறைப்படி முப்பது வருடச் சராசரியைத்தான் வழமை என்கிறார்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கிறார்கள். மத்திய இங்கிலாந்தில் பெப்ரவரிக்கு 1961–1990 சராசரி 3.8 பாகை. 1981–2010 சராசரி 4.4 பாகை. 2019 பெப்ரவரியை முதலாவதோடு ஒப்பிட்டால் வழமையை விட 2.9 பாகை கூட. இரண்டாவதோடு ஒப்பிட்டால் 2.3 தான் கூட. மாதம் மாறவில்லை, அளவுகோல் நகர்ந்துவிட்டது. வகுப்பில் எங்கள் ஆசிரியை இதைச் சொன்னபோது எனக்கு முதலில் ஏமாற்று வேலை போல இருந்தது. சூடு கூடக் கூட வழமையையும் கூட்டிக்கொண்டே போனால் எல்லா மாதமும் சாதாரண மாதம் ஆகிவிடாதா? அந்தப் பயம் நியாயமானதே. அதனால்தான் நீண்டகால மாற்றத்தை அளக்கும்போது 1961–1990 என்ற பழைய அளவுகோலையும் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். விவசாயிக்கோ மின்சார சபைக்கோ இன்றைய வழமை தேவை. எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று பார்ப்பவருக்குப் பழைய வழமை தேவை. அந்தப் பழையதோடு ஒப்பிட்டால் 2014 இலிருந்து 2023 வரையான பத்து வருடங்கள் பிரித்தானியாவில் சராசரியாக 1.25 பாகை வெப்பமானவை.

1.25 பாகை என்றால் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஒரு பரீட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் எல்லோருக்கும் ஐந்து புள்ளி கூட்டிக் கொடுத்தால் வகுப்பின் சராசரி ஐந்துதான் கூடும், யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் 95 க்கு மேல் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். முன்பு ஒருவர் இருந்த இடத்தில் நான்கைந்து பேர் நிற்பார்கள். நடுவில் சிறிய நகர்வு, ஓரத்தில் பெரிய மாற்றம். வெப்பநிலையும் அப்படியே. தெற்குக் காற்று அன்றும் வந்தது, இன்றும் வருகிறது. முன்பு 19 பாகையில் நின்றிருக்கக்கூடிய ஒரு நாள் இப்போது உயர்ந்த தளத்திலிருந்து புறப்படுவதால் 20 ஐத் தாண்டுகிறது.

இந்தக் கணக்கில் 1779 யார்? கடினமான வினாத்தாளில், வகுப்பே குறைந்த புள்ளி எடுத்த தவணையில், தனியாக 98 எடுத்த ஒரு மாணவி. அப்படி ஒருவர் இருந்தார் என்பது உண்மை, அவரை மறுக்கத் தேவையில்லை. ஆனால் அவரைக் காட்டி 'அந்தத் தவணையில் வகுப்பே கெட்டிக்கார வகுப்பு' என்று சொல்ல முடியாது. 2024 பெப்ரவரியில் மத்திய இங்கிலாந்தின் சராசரி 7.8 பாகை. 1779 ஐத் தொடப் பத்தில் ஒன்றுதான் குறைவு. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 1884 இலிருந்து உள்ள பதிவுகளில் அதுவே மிக வெப்பமான பெப்ரவரி. வேடிக்கை என்னவென்றால் அந்த மாதம் சாச்சி ஒரு படமும் அனுப்பவில்லை. "ஒரே மழை, ஒரே இருட்டு" என்றுதான் அலுத்துக்கொண்டார். முகில் போர்த்திய இரவுகள் குளிரவே இல்லை, அதனால் சராசரி ஏறிவிட்டது. வெயில் இல்லாததால் மனிதர்கள் அதை வெப்பமான மாதமாக உணரவே இல்லை. பூங்காவில் ஐஸ்கிறீம் சாப்பிட்ட பெப்ரவரியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதைவிடச் சராசரியில் ஒரு பாகைக்கு மேல் கூடிய பெப்ரவரி குடைக்குக் கீழே கழிந்துவிட்டது.

இனிமையான வெயில் என்றாலும் 2019 அங்கே சும்மா போகவில்லை. பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு மேற்கு யோர்க்ஷயரில் மார்ஸ்டன் அருகே மேட்டுநிலப் புல்வெளி தீப்பற்றி எரிந்தது. குளிர்காலத்தில் அந்தப் புல் பச்சையாக இருக்காது, காய்ந்த வைக்கோல் போலத்தான் இருக்கும். மழையும் ஈரமும்தான் அதைக் காப்பாற்றும். வரண்ட இரண்டு வாரம் அந்தக் காவலை நீக்கிவிட்டது.

மனித நினைவு எவ்வளவு நம்பகமானது என்ற கேள்வி இங்கே வருகிறது. வாப்பாவிடம் கேட்டேன், "முந்தி மழை கூட எண்டு எப்படிச் சொல்றீங்க?" அவர், "நாங்க சின்னப் பிள்ளையா இரிக்கக்குள்ளயும் கலியாணம் முடிச்ச நேரமும் நோன்பு மாசத்தில அடைமழை. தறாவீஹுக்குப் பள்ளிக்குப் போற வழியெல்லாம் முழங்கால் தண்ணி. இப்ப நோன்புக்கு ஒரு சொட்டு இல்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். 1998 இலும் 1999 இலும் ரமழான் டிசம்பரில் தொடங்கியது. எங்கள் பக்கம் அது கொட்டும் மாரி. 2019 இல் ரமழான் மே மாதத்தில் வந்தது, அது கோடை. பிறைக் கணக்கில் ரமழான் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வருகிறது. மாறியது நோன்பின் இடம், அதை வாப்பா மழையின் மாற்றமாக நினைவில் வைத்திருக்கிறார். சொன்னதும் வாப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப பதினேழாம் ஆண்டு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை என்னால் சிரித்துக் கடக்க முடியவில்லை. 2016 ஒக்டோபரிலிருந்து 2017 ஜனவரி வரை வர வேண்டிய மழை நாட்டின் பல பாகங்களில் வரவில்லை. நாற்பது வருடத்தில் மிக மோசமான வரட்சி என்று அதைச் சொன்னார்கள். 2017 இன் மொத்த நெல் விளைச்சல் முந்திய ஆண்டை விட ஏறத்தாழ 40 வீதம் குறையும் என ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் மதிப்பிட்டன. எங்கள் காணி வாய்க்கால் தண்ணீர் எட்டாத மானாவாரிக் காணி. வெள்ளாமை குடலைப் பருவத்தில் நிற்கும்போது மழை நின்றது. ஜனவரி மாதம் அழகான வெயில், மெல்லிய காற்று, நீல வானம். சுற்றுலா வந்தவர் யாரும் படம் எடுத்து அனுப்பியிருப்பார். வாப்பா அந்தப் போகம் அறுவடைக்கு இயந்திரம் கூப்பிடவில்லை. மாட்டுக்காரர்களிடம் வயலை விட்டுவிட்டு வந்து படலையைச் சாத்தியது எனக்கு நினைவிருக்கிறது.

அந்த ஒரு ஜனவரி, காலநிலை மாறியதற்கு ஆதாரமா? இல்லை, 2019 பெப்ரவரி தனியாக ஆதாரம் ஆகாததுபோலவே. அதை வைத்துப் பார்க்க ஒரு நீண்ட வரிசை வேண்டும். இலங்கையில் கொழும்பு அவதான நிலையம் 1907 இல் தொடங்கப்பட்டது. இன்று வளிமண்டலவியல் திணைக்களத்தின் பதிவுகள் பல நகரங்களுக்கு உண்டு. ஆனால் மழை வெப்பத்தைப் போல அல்ல. வெப்பம் ஒரு மாகாணம் முழுக்க ஏறத்தாழ ஒன்றாக ஏறி இறங்கும். மழையோ சந்தியில் கொட்டும், வட்டையில் தூறாது. நகரத்து மழைமானியை வைத்து எங்கள் காணியின் மாரியைப் பற்றி ஓரளவுக்குத்தான் பேசலாம்.

வாப்பாவிடம் ஒரு நீல மட்டை போட்ட கொப்பி இருக்கிறது. விதைத்த திகதி, பசளை எறிந்த திகதி, அறுத்த திகதி, எத்தனை மூட்டை, யாருக்கு எவ்வளவு கடன், எல்லாம் 2004 இலிருந்து எழுதியிருக்கிறார். மழை பற்றி ஒரு வரியும் இல்லை. "மழைய எழுதி என்னத்துக்கு, பெய்தாத் தெரியும்தானே" என்பது அவரது நியாயம். மேன்லிக்கு உதவிய அந்த நாட்குறிப்புக்காரர்களுக்கும் பெய்தால் தெரிந்திருக்கும், இருந்தும் எழுதினார்கள்.

இந்த வருடம் புவியியல் செயற்பாட்டுக்காக நான் ஒரு மழைமானி வாங்கி, மரங்களோ கூரையோ மறைக்காத இடமாகப் பார்த்து வயலோரத்தில் நட்டிருக்கிறேன். தினமும் காலை எட்டரைக்குப் பார்க்க வேண்டும். பாடசாலை நாட்களில் அந்த நேரம் எனக்குச் சரிவராது. வாப்பா பார்க்கிறார். நீலக் கொப்பியின் ஓரத்தில் மில்லிமீற்றரில் எழுதுகிறார். மழை இல்லாத நாளிலும் பூச்சியம் போட வேண்டும் என்பதை மட்டும் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை, கோடு கீறிவிடுகிறார். முப்பது வருடச் சராசரி எடுக்கும்போது எனக்கு 47 வயதாகியிருக்கும். காக்காவிடம் அதைச் சொன்னேன். "அதுவரைக்கும் 1779 எனக்கு" என்றார்.